குதிகால் எலும்பு முறிவு: அறுவை மருத்துவமும் தோலின் நிலையும்

அதியமான்கோட்டை உள்ளிட்ட தருமபுரி வட்டாரத்தில் புளிய மரமேறிக் கிளைகளை உலுக்குவோரும், கட்டடச் சாரத்தில் நின்று பணிபுரிவோரும் தவறி விழுந்து காலூன்றும்போது உடலின் எடை முழுவதும் குதிகாலில் இறங்குகிறது. மேலுள்ள கணுவெலும்பு ஆப்புப்போல் இறங்கிக் குதிகால் எலும்பைப் பிளந்துவிடுகிறது. இத்தகைய முறிவுகளுள் ஏறத்தாழ முக்கால் பங்கு மூட்டுப்பரப்பையும் சிதைப்பவை. பத்தில் ஒருவருக்கு இடுப்பு முதுகெலும்பும் முறிந்திருக்கலாம். குதிகாலின் கடும் வலியில் முதுகு வலி மறைந்துபோகும் என்பதால் முதுகையும் சோதிப்பது கட்டாயமாகும்.

முறிவின் தன்மையை ஊடுகதிர்ப் படத்தில் போலர் கோணத்தைக் கொண்டு அளவிடுவர். இயல்பாக 20 முதல் 40 பாகை வரை இருக்கும் இக்கோணம், எலும்பு அமுங்கும்போது குறைகிறது. மூட்டுப்பரப்பு எத்தனை துண்டுகளானது என்பதை சி.டி. ஸ்கேன் காட்டும், சாண்டர்ஸ் 1993இல் வெளியிட்ட பகுப்பு இதனை அடிப்படையாகக் கொண்டது.

எனினும், அறுவை மருத்துவத்தின் வெற்றியைப் பெரிதும் முடிவுசெய்வது எலும்பன்று. அதனைப் போர்த்தியுள்ள தோலே எனலாம். குதிகாலின் வெளிப்புறத்தில் தசைப்போர்வை இல்லை. அங்கு 'எல்' வடிவில் கீறித் தோலை உயர்த்தித் தகடும் திருகுகளும் பொருத்தும்போது, கீறலின் மூலைப் பகுதிக்குக் குருதியோட்டம் குன்றுகிறது. விளிம்பு கருகிப் புண் பிரிந்தால் நோய்த்தொற்று தகட்டை எட்டும். எலும்பில் சீழ் பிடித்துத் தகட்டையே நீக்க நேரிடலாம். புகைபிடிப்போருக்கும் நீரிழிவு உடையோருக்கும் இவ்விடர் மிகுதி. ஆகவே வீக்கம் வடிந்து தோலில் சுருக்கங்கள் தோன்றும்வரை, பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்கள், காத்திருப்பர். வீங்கிய காலில் இறுக்கமாக நாட்டுக்கட்டு போடுவது கொப்புளங்களை உண்டாக்கி இக்காத்திருப்பை நீட்டிக்கக்கூடும். மூன்று வாரங்களைக் கடந்தால் துண்டுகள் கூடத் தொடங்கிவிடுவதால் அவற்றைப் பழைய நிலைக்குக் கொணர்வது கடினமாகும். சிறு கீறல்வழி அறுவை, தோல் சிக்கல்களைக் குறைப்பதால் இன்று பரவலாகியுள்ளது. பாதத்தின் வெளிப்புற நரம்பு பாதிக்கப்பட்டு உணர்வு மரத்துப்போவதும் உண்டு.

பிரித்தானியாவின் 22 மருத்துவமனைகளில் 151 நோயாளிகளிடம் நிகழ்த்தப்பெற்று 2014இல் வெளியான ஆய்வு சிந்திக்கத்தக்கது. ஈராண்டுகளுக்குப் பின் அறுவை செய்துகொண்டோருக்கும் செய்யாதோருக்கும் வலியிலோ நடையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிக்கல்களோ முறையே 23 விழுக்காடும் 4 விழுக்காடுமாக இருந்தன. ஆயினும் குதிகால் பெரிதும் உருக்குலைந்தோர் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை; அவர்களுக்கு இம்முடிவைப் பொருத்துவது முறையன்று.

எம்முறையைக் கையாண்டாலும் கணுவெலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் இடையிலான மூட்டு பின்னாளில் தேயலாம். தாங்கவியலாத வலியெனில் இவ்விரு எலும்புகளையும் இணைத்துவிடுவர். வலி தணியும், ஆனால் பாதத்தைப் பக்கவாட்டில் திருப்ப இயலாது. சமதரையில் நடப்போருக்கு இது பெரிய இழப்பன்று. வரப்பிலும் கரட்டிலும் நடந்து, மரமேறிப் பிழைப்போருக்கோ தொழிலையே மாற்ற வேண்டிய நிலை.