மோட்டார் வைத்த சைக்கிள்... முதுகு தாங்குமா?

“டாக்டர், எனக்கு இடுப்பு வலி. ஸ்கூட்டரே ஓட்டக் கூடாதுன்னு வீட்ல சொல்றாங்க. எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கினா ஓட்டலாமா?”

இப்படிக் கேட்டுவிட்டு வாங்குகிறவர்கள் ஒரு ரகம். கேட்காமலே வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். கடைக்குப் போய், 30,000, 40,000 ரூபாய் கொடுத்து, தடித்த டயரும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் வைத்த மவுன்டன் பைக் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பத்து நாள் கழித்து, “மோட்டார்தானே இழுக்குது, எனக்கு ஏன் டாக்டர் வலிக்குது?” என்று வந்து நிற்பார்கள். வண்டி மாடிப்படிக்கு அடியில் துணி காயப்போடப் பயன்பட்டுக் கொண்டிருக்கும்!

இரண்டு ரகத்தாருக்கும் என் பதில் ஒன்றுதான். மோட்டார் உங்கள் கால்களின் பாரத்தைக் குறைக்கும். முதுகின் பாரத்தைக் குறைக்க வேண்டியது சீட்டும் ஹேண்டில்பாரும். அவை உங்கள் உடம்புக்குத் தக்கபடி அமைந்தால் இந்த வண்டி நல்ல வைத்தியம். அமையாவிட்டால், மோட்டார் உங்களை வலியை நோக்கி வேகமாக இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில், உங்கள் முதுகு எந்த ரகம்?

நாபிக்குக் கீழே வாதத்தின் இருப்பிடம் என்பது சித்த மருத்துவக் கொள்கை. யூகி முனிவர் வாத நோய்களை 80 என்று பிரித்துச் சொன்னார். இத்தனை வகையாக ஏன் பிரிக்க வேண்டும்? வலிக்கிற இடம் ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறு, பரிகாரமும் வேறு என்பதால்தான். சைக்கிள் விஷயத்திலும் இது பொருந்தும்.

குனிந்தால் வலி கூடுகிறதா? செருப்பு மாட்டும்போது, தரையில் கிடக்கும் பொருளை எடுக்கும்போது, வெகுநேரம் உட்கார்ந்திருக்கும்போது வலி அதிகமாகிறதா? நிமிர்ந்து கொஞ்சம் நடந்தால் சுகமாக இருக்கிறதா? டிஸ்க் தொந்தரவு உள்ளவர்களில் பலர் இப்படித்தான் சொல்வார்கள். இவர்களுக்கு நிமிர்ந்து உட்காரும் வண்டிதான் சரி.

இன்னொரு பக்கம், 60 வயதை ஒட்டியவர்கள் சிலர், “நாலு எட்டு நடந்தா காலெல்லாம் இழுக்குது, மரத்துப் போகுது. உட்கார்ந்தா சரியாயிடுது” என்பார்கள். முதுகெலும்புக்குள் நரம்பு போகும் பாதை குறுகிவிட்டவர்களுக்கு வரும் தொந்தரவு இது. சற்றே முன்பக்கம் சாய்ந்தால் அந்தப் பாதை கொஞ்சம் விரியும். அதனால்தான் அரை கிலோமீட்டர் நடக்க முடியாதவர் மூன்று கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிடுகிறார்! இவர்கள் விறைப்பாக நிமிர்ந்து உட்கார வேண்டியதில்லை. லேசான முன்சாய்வு நல்லது.

உங்களுக்கு எது என்று தெரியவில்லையா? பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குனிந்தால் என்ன ஆகிறது?

1960-களில் ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்ஸன், ஊசி செலுத்தி டிஸ்க்கின் உள் அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது இருக்கும் அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கும்போது 25-தான். உட்கார்ந்தபடி முன்பக்கம் குனிந்தாலோ 185! பின்னாளில் வந்த அளவீடுகளில், நிமிர்ந்து உட்காருவதற்கான கணக்கு கொஞ்சம் மாறியது. குனிந்தால் அழுத்தம் கூடும் என்பது மாறவில்லை.

இப்போது மவுன்டன் பைக்குக்கு வருவோம். 1970-களில் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து இளைஞர்கள் மலைச்சரிவில் மண் பாதையில் இறங்குவதற்காக உருவாக்கிய வண்டி இது. ஓட்டுகிறவர் சீட்டில் அழுந்தி உட்காராமல், எழுந்து, வளைந்து, உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தி ஓட்ட வேண்டும் என்பது அதன் தோற்றக் கணக்கு. நாம் என்ன செய்கிறோம்? அதே வண்டியில் தார் ரோட்டில் அசையாமல் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் போகிறோம். அதனால் அதைக் கொஞ்சம் மாற்றி அமைத்துத்தான் ஆக வேண்டும்.

சீட்டு உயரம்

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய், குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீண்டிருக்க வேண்டும். அதுதான் சரியான உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள் அல்லவா? அப்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்கும்.

நம் ஊரில் பலர் இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதியும்படி சீட்டைத் தாழ்த்திவிடுகிறார்கள். பாதுகாப்பு என்று நினைப்பு. முழங்கால் நெஞ்சை நோக்கி வரும், முதுகு கூன் போடும். அதற்காக உயரத்தை அளவுக்கு மீறி ஏற்றினால், பெடலை எட்டுவதற்காக இடுப்பு இடமும் வலமும் ஆடும். ஒவ்வொரு மிதிக்கும் ஓர் ஆட்டம் என்றால், அரை மணி நேரத்தில் எத்தனை ஆயிரம் ஆட்டம்! வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு ஆடினால் சீட்டை அரை சென்டிமீட்டர் இறக்குங்கள். மறுபடி பாருங்கள்.

சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு வளையும். 1999-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதுகுவலி இருந்த சைக்கிள்காரர்களின் சீட்டு மூக்கை 10 முதல் 15 டிகிரி கீழே சாய்த்ததும், 70 சதவிகிதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வலி குறைந்திருக்கிறது. ஒரு ஸ்பேனர் செய்த வைத்தியம்! ஆனால், நீங்கள் எடுத்த எடுப்பிலேயே அத்தனை சாய்க்க வேண்டாம். உடம்பு வழுக்கிக்கொண்டு போய், பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். முதலில் சமமாக வையுங்கள். பிறகு 2, 3 டிகிரியாகச் சாய்த்துப் பாருங்கள்.

ஹேண்டில்பார் எட்டுகிறதா?

பழைய சைக்கிள் கடைக்காரர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்துக் கையை நீட்டினால், விரல் நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும். துல்லியமான அளவு இல்லை என்றாலும், ஆரம்பத்துக்கு இது போதும். எட்டவே இல்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு நீளம்.

குனிந்தால் வலிக்கும் ரகத்தார், ஹேண்டில்பார் சீட்டைவிடச் சில சென்டிமீட்டர் உயரமாக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நடந்தால் கால் இழுக்கும் ரகத்தாருக்குச் சீட்டுக்குச் சமமாக இருந்தால் போதும். ஹேண்டில்பாரை வண்டியோடு சேர்க்கும் கழுத்துத் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். அதைக் குட்டையானதாகவோ, மேல்நோக்கி நிமிர்த்தக் கூடியதாகவோ மாற்றலாம். நுனிகள் நம் பக்கம் வளைந்து வரும் ஹேண்டில்பாரும் கிடைக்கிறது. வண்டியின் விலையோடு பார்த்தால் இதற்கெல்லாம் ஆகும் செலவு கொஞ்சம்தான். முழங்கை சற்று மடங்கி, தோள் தளர்ந்து இருந்தால் சரியாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று... முதுகு பிடித்துக்கொண்டவர் காலைத் தூக்கி நடுக் கம்பியைத் தாண்டி ஏறுவதே பெரிய பாடு. பார் இல்லாத, ‘லேடீஸ் சைக்கிள்’ மாதிரி தாழ்ந்த சட்டம் வைத்த எலெக்ட்ரிக் வண்டிகள் வந்திருக்கின்றன. ஆண்களே, கூச்சப்படாதீர்கள். கௌரவத்தை முதுகெலும்பால் சுமக்க வேண்டாம்!

ஸ்பிரிங் யாருக்கு?

“டாக்டர், முன்னாடி ஷாக் அப்சார்பர் இருக்கு” என்று பெருமையாகச் சொல்வார்கள். இருக்கட்டும். அது காப்பாற்றுவது மணிக்கட்டையும் தோளையும்தான். முதுகுக்கு வரும் அடி பின் சக்கரத்திலிருந்து சீட்டு வழியாக ஏறுகிறது. அங்கே ஸ்பிரிங் இல்லை என்றால் முன்னால் இருந்து என்ன பயன்? பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த வண்டிகள் விலை அதிகம். பணம் ஒத்துவராதவர்கள், ஸ்பிரிங் வைத்த சீட்டுக் கம்பியை மட்டும் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விட மலிவான ஷாக் அப்சார்பர் ஒன்று இருக்கிறது. டயரில் இருக்கும் காற்று! கல் மாதிரி அடித்து வைக்காதீர்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளை டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் பங்சர்தான்.

மோட்டாரில் என்ன பார்ப்பது?

நம் நாட்டில் 250 வாட்ஸுக்கு உட்பட்ட மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட, முறையாக அங்கீகாரம் பெற்ற வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. முதுகுவலிக்காரருக்கு இந்த வேகமே தாராளம்.

மோட்டார் எப்படி உதவிக்கு வருகிறது என்பதைக் கவனியுங்கள். சில வண்டிகளில், பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். பெடல் சுற்ற ஆரம்பித்ததும் வண்டி வெடுக்கென்று இழுக்கும். அந்த வெடுக்கு நேராக இடுப்பில் போய் விழும். டார்க் சென்சார் என்பது நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளந்து, அதற்கேற்ப மெல்ல உதவும். விலை கூடுதல்தான். இடுப்பு வலி உள்ளவர்கள் அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம். முடியாதவர்கள், உதவி அளவைக் குறைந்த நிலையில் வைத்துக் கிளம்புங்கள்.

ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டு சும்மா உட்கார்ந்து போகாதீர்கள். அப்படிப் போனால் ஸ்கூட்டருக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கால் மிதிக்க வேண்டும், தசை அசைய வேண்டும். மேட்டிலும், எதிர்க்காற்றிலும், சிக்னலில் கிளம்பும்போதும் தம் கட்டி அழுத்துவதால் வரும் பாரத்தைத்தான் மோட்டார் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தூக்காதீர்கள்!

இந்த வண்டிகளில் பல 20 கிலோவுக்கு மேல் எடை உள்ளவை. அரை மணி நேரம் ஒழுங்காக ஓட்டிவிட்டு, கடைசியில் வண்டியைத் தூக்கிப் படியேற்றி முதுகைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பேட்டரி தனியாகக் கழற்ற வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வண்டி கீழே இருக்கட்டும், பேட்டரி மட்டும் மாடிக்கு வரட்டும். கீழே நிறுத்த இடமே இல்லாத வீடு என்றால், வாங்குவதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

ஓட்டும்போது...

* படுக்கையிலிருந்து எழுந்தவுடன் சைக்கிளில் ஏறாதீர்கள். இரவில் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். ஒரு மணி நேரமாவது வீட்டுக்குள் நடமாடிவிட்டுக் கிளம்புங்கள்.

* முதல் வாரம் சமதளத்தில் 10, 15 நிமிடம் போதும். மறுநாள் காலை வலி கூடவில்லை என்றால் 5 நிமிடம் கூட்டுங்கள்.

* ஸ்பீடு பிரேக்கர் வந்தால் வேகத்தைக் குறைத்து, பெடல்களைச் சமமாக நிறுத்தி, சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள். முழங்கால்தான் நல்ல ஸ்பிரிங்.

* பையை முதுகில் மாட்டாதீர்கள். கேரியரில் வையுங்கள்.

வந்த பிறகு...

தசைப் பிடிப்பாக இருந்தால், நொச்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் 10 நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். சர்க்கரை நோயால் தோல் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. வேறொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்தில் ஒற்றடம் வேண்டாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கினால் டிஸ்க்குக்குப் பாரம். பற்பம், செந்தூரம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். உளுந்தங்களி தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கோணலான சீட்டை அது சரி செய்யாது!

இது இருந்தால் சைக்கிள் பேச்சே வேண்டாம்

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, ஆசனவாய், தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் தொங்குவது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எண்ணெய், ஒற்றடம் என்று நேரம் கடத்தாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நரம்பு நசுங்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பின் வரும் வலி ஆகியவற்றையும் சோதித்துப் பார்க்காமல் விடக் கூடாது.

மற்றவர்கள் பயப்பட வேண்டாம். முதுகு வலிக்கிறது என்று அசையாமல் கிடந்தால் தசை தளரும், வலி இன்னும் பிடிக்கும். கடைக்குப் போகும்போது ஓர் அளவு டேப்பும், பின்னால் நின்று பார்க்க ஒரு துணையும் இருக்கட்டும். அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.