பழைய கார்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

“காருக்குப் பதினைந்து ஆண்டு ஆகப்போகிறது, இனி ஓட்ட முடியாதாமே, புதிய காருக்குக் கடன் கிடைக்குமா?” பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லைக் கிராமங்களிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடன் கிடைக்கும். ஆனால், அது தேவையா என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

வயது மட்டும் காரணமாகாது

பதினைந்து ஆண்டு ஆன பெட்ரோல் காரும் பத்து ஆண்டு ஆன டீசல் காரும் ஓடக்கூடாது என்னும் பேச்சு, தில்லி தலைநகர்ப் பகுதிக்காகப் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளிலிருந்து பரவியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. அது கேரளத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ பொருந்துவதன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வாகனம் தகுதியுடன் இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். காலம் முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25இல் விண்ணப்பிக்க வேண்டும்.

செலவு கூடியிருப்பது உண்மையே. மத்திய விதிகளின்படி, காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக்கப்பட்டது. கேரளத்தில், 750 முதல் 1,500 கிலோ வரை எடையுள்ள பழைய காருக்கான ஐந்தாண்டு வரி 2025 ஏப்ரல் முதல் 8,600 ரூபாயிலிருந்து 12,900 ரூபாயாகியுள்ளது. பசுமை வரி தனி. இவை மாறக்கூடியவை என்பதால், செலுத்தும் முன் பரிவாஹன் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்க.

ஐந்தாண்டுக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். புதிய காரின் விலை 8 லட்சம் ரூபாய். கையிலிருந்து 2 லட்சம் போக, 6 லட்சம் கடன்; ஆண்டு வட்டி 9 விழுக்காடு எனக் கொள்வோம். ஐந்தாண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 12,455 ரூபாய். மொத்த வட்டி 1,47,300 ரூபாய். ஐந்தாண்டில் கார் தன் மதிப்பில் பாதியை இழப்பதாகக் கொண்டால், அந்த இழப்பு 4 லட்சம். ஆக 5,47,300 ரூபாய்.

பழைய காரை வைத்துக்கொண்டால்? வழக்கமான சர்வீஸ் நீங்கலாகப் பழுதுச் செலவு ஆண்டுக்கு 40,000 வீதம் 2 லட்சம். பதிவும் வரியும் 17,900. பழைய கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் புதியது 18 கிலோமீட்டரும் ஓடினால், மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 105 ரூபாய் விலையில் கூடுதல் பெட்ரோல் செலவு 1,750 ரூபாய், ஐந்தாண்டில் 1,05,000. ஆக 3,22,900 ரூபாய். பழைய காரை வைத்துக்கொள்வதால் இரண்டேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகிறது. பழுதுச் செலவு ஆண்டுக்கு 85,000 ரூபாயைத் தாண்டினால்தான் இந்த மிச்சம் மறையும்.

கோயிலுக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் மட்டும் கார் எடுப்பவருக்கு இக்கணக்கு பொருந்தும். நாள்தோறும் திருவனந்தபுரம் சென்று வருபவருக்கு நிலைமை வேறு. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால் எரிபொருள் வேறுபாடு மட்டும் ஐந்தாண்டில் மூன்றரை லட்சமாகிறது. இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன. அதற்குமேல் பழுதும் கூடினால் மாற்றுவதே சிக்கனம்.

கணக்கை மீறும் காரணம்

பாதுகாப்பு, ரூபாயில் அடங்காதது. பொழியூர், பூவாறு போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும், ஆண்டில் இரு பருவமழைகளும் காரின் அடிப்பகுதியை அரிக்கின்றன. கதவோரத் துருவைப் பூசி மறைக்கலாம். அடிச்சட்டத்தில் துரு ஏறியிருந்தால் மறைக்கக்கூடாது. நம்பகமான மெக்கானிக்கிடம் காரை மேலே தூக்கி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக், ஸ்டியரிங், அடிச்சட்டம் ஆகிய மூன்றில் ஒன்று நம்பிக்கை தரவில்லையென்றால், மிச்சக் கணக்கைப் பார்க்க வேண்டாம். ஓட்டுநர் இருக்கைக்குக் காற்றுப்பை 2019 ஜூலை முதல்தான் கட்டாயமானது; அதற்கு முந்தைய சிறிய கார்கள் பலவற்றில் அது இல்லை என்பதையும் நினைவில் கொள்க.

எல்லை தாண்டி வாங்கும்போது

களியக்காவிளைக்கு அப்பால் மலிவாகக் கிடைக்கும் பழைய காரை வாங்கி, டி.என். எண்ணுடனேயே இங்கு ஓட்டுவது சிக்கலில் முடியும். வேறு மாநிலத்தில் பதிவான வாகனத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால், இம்மாநில எண் பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. இங்குள்ள வரியும் சேரும். விலை பேசும்போதே இச்செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி.யில் ஏதேனும் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடனை அடைத்தபின்னும், படிவம் 35 கொடுத்து அப்பெயரை நீக்காதவர்கள் பலர். விற்கும் வேளையில்தான் அது தடையாக வந்து நிற்கும்.

பழைய காரை விற்பவர்கள் மறக்கும் மற்றொன்று, காப்பீட்டின் உரிமைகோராச் சலுகை. அது காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. 50 விழுக்காடு வரை எட்டக்கூடிய அச்சலுகையை, காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று பெற்றுப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது செய்ய வேண்டியது

கடந்த ஓராண்டின் பழுது ரசீதுகளையும் ஓடிய தூரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். காரை வைத்துக்கொள்வது என முடிவானால், மாதம் 5,000 ரூபாயைத் தொடர் வைப்பில் செலுத்தி வாருங்கள். மூன்றாண்டில் அசல் மட்டும் 1,80,000 ரூபாய் சேரும்; புதிய கார் வாங்கும் நாளில் கடன் அந்த அளவுக்குக் குறையும். மாற்றுவது என முடிவானால், அத்தாளுடன் கிளைக்கு வாருங்கள். எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதோடு, எவ்வளவு கடன் போதும் என்பதையும் சேர்த்தே பேசலாம்.