கேள்வி நேரம் எங்கே போனது?

தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் சிம்போசியம் சீசன் வந்தால் நோட்டீஸ் போர்டில் இடம் இருக்காது. பேப்பர் பிரசன்டேஷனுக்குப் பெயர் கொடுத்தால் ஓ.டி. (வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு) உண்டு, சான்றிதழ் உண்டு, மதியச் சாப்பாடும் உண்டு. சீனியரின் பேப்பரை வாங்கித் தலைப்பை மட்டும் மாற்றிய காலம் போய், இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். 'ஏஐ எழுதிய பேப்பர் கூடாது' என்று அழைப்பிதழில் ஒரு வரி சேர்ப்பது சுலபம். கண்டுபிடிப்பது யார்?

ஏஐ ஆய்வாளர்களே இதில் திணறியிருக்கிறார்கள். ஐசிஎம்எல் என்பது அந்தத் துறையின் முன்னணி மாநாடு. 2023-இல் ஹொனலுலுவில் நடந்த கூட்டத்துக்கு, ஏஐ உருவாக்கிய வாசகங்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். சர்ச்சை கிளம்பியது. கட்டுரையாளர் தானே எழுதியதைச் செம்மைப்படுத்திக்கொள்ளத் தடையில்லை என்று பிறகு விளக்கம் தர வேண்டியிருந்தது.

கண்டுபிடிக்கும் மென்பொருள்களின் கதை இன்னும் மோசம். ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒன்றை வெளியிட்டது. நிறுவனத்தின் சொந்தக் கணக்குப்படியே, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தின் மீது தவறாகப் பழி போட்டது. ஆறே மாதத்தில் கடையைக் கட்டினார்கள்.

அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை 'ஏஐ எழுதியது' என்றன. அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகிக்க முடிகிற எளிய நடைதான் அவற்றின் கண்ணில் இயந்திர நடை. அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து வந்த மாணவி, தெரிந்த சொற்களை வைத்துக் கவனமாக எழுதும் ஆங்கிலமும் அதுதானே? இதில் ஒரு வேடிக்கை: அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை மெருகேற்றிய பிறகு சந்தேகம் வெகுவாகக் குறைந்தது. நேர்மையாக எழுதியவர் மாட்டுகிறார், மெருகேற்றியவர் தப்பிக்கிறார்.

நடுவர்களுக்கு இதைவிட நல்ல தடயம் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஏஐ தந்த மேற்கோள் பட்டியலில் ஆசிரியர் பெயர் நிஜமாக இருக்கும், இதழும் நிஜமாக இருக்கும். தொகுதி எண்ணைத் தேடிப் போனால் பல நேரம் அப்படியொரு கட்டுரையே இருக்காது. சாட்ஜிபிடியின் ஜிபிடி-3.5 மாடல் கொடுத்த மேற்கோள்களில் 55 சதவீதம் கற்பனை என்றது 2023-இல் வெளியான ஓர் ஆய்வு. ஜிபிடி-4-இல் அது 18 சதவீதம். புதிய மாடல்கள் தேறியிருக்கலாம். ஆனாலும் இரண்டு மேற்கோளைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அதையும் தாண்டி, பேப்பர் போட்டவரே மேடையில் நிற்கிறார். 'இந்த சென்சாரை ஏன் எடுத்தீர்கள்? ரீடிங் தப்பாக வந்தபோது என்ன செய்தீர்கள்?' என்று நடுவர் கேட்கலாம். செய்து பார்த்தவர் அரைகுறை ஆங்கிலத்திலோ, தமிழிலோ சொல்லிவிடுவார். மற்றவர் ஸ்லைடைத் திரும்பப் படிப்பார். ஆனால் ஒரே நாளில் நாற்பது பேப்பரை ஓட்டினால் கேள்விக்கு ஏது நேரம்? பத்துப் பேப்பரோடு நிறுத்திக்கொள்ளலாம். பதிவுக் கட்டணம் குறையுமே என்பதுதான் கல்லூரிகளின் தயக்கம்.