பழவேற்காட்டில் உப்பு ஏறி இறங்கினால்

ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்ததும் ஆரணியாறும் காளாங்கியும் பழவேற்காடு ஏரிக்குள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஆறு சேரும் இடங்களில் அப்போது நீரில் உப்பே தெரியாது. சித்திரை, வைகாசியில் நேர்மாறு. வெயிலில் நீர் வற்றி, முகத்துவாரத்தையும் மணல் அடைத்துக்கொண்டால், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்ற கடலின் அளவையும் தாண்டி உவர்ப்பு ஏறிவிடும். மீன் வேறிடம் தேடி நீந்திவிடும். ஒட்டிய இடத்திலேயே வாழும் சிப்பி எங்கே போகும்?

சிப்பியின் குருதியில் உள்ள உப்பளவு, சுற்றியுள்ள நீரின் அளவையே பின்பற்றும். வெளியே உப்பு திடீரென்று குறைந்தால் நீர் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். அதைத் தடுக்கச் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொள்கிறது. மூடிய ஓட்டுக்குள் இரையும் வராது, புது ஆக்சிஜனும் வராது. குளிர்ந்த கடலில் இப்படி நெடுநாள் தாக்குப்பிடிக்கலாம். நம் வெப்பத்தில் உடலின் தேவை அதிகம், கையிருப்பு சீக்கிரம் கரையும். வெள்ளம் எத்தனை நாளில் வடிகிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. உவர்ப்பு மெதுவாக மாறினால், செல்களுக்குள் அமினோ அமிலங்களைக் கூட்டியோ குறைத்தோ சமாளித்துவிடும். உப்பு மிகுந்த நீரில் வளர்ந்த இறாலின் இனிப்புக்கும் இவற்றில் ஒன்றான கிளைசின் ஒரு காரணம்.

சேற்று நண்டும் வெள்ளை இறாலும் இன்னும் கெட்டி. உப்பை உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் அவற்றின் செவுள்களுக்குத் தெரியும். அதற்குச் செலவாகும் சக்தி வளர்ச்சியில் குறையும். நட்சத்திர மீனுக்கு இந்த வசதியே இல்லை. கழிமுகங்களில் அதைக் காண்பது அரிது.

வளர்ந்த நண்டின் வலுவைப் பார்த்து நிம்மதி கொள்ளக் கூடாது. அதன் இளம்புழுக்கள் உப்பு குறைந்த நீரில் பிழைக்காது. எனவே சினை நண்டு கடலுக்குப் போயாக வேண்டும். கடலில் பொரித்த இறால் குஞ்சு ஏரிக்குள் வந்தாக வேண்டும். முகத்துவாரம் தூர்ந்தால் இரண்டுமே நின்றுபோகும். ஒடிசாவின் சிலிகா ஏரியில் இது நடந்தது. கடல்நீர் வருவது குறைந்து உவர்ப்பு இறங்க இறங்க இறாலும் நண்டும் அருகின. 2000-ஆம் ஆண்டு கடலுக்குப் புது வாய் வெட்டிய பிறகு பிடிப்பு பல மடங்கு கூடியது.

பழவேற்காட்டில் முகத்துவார மணலை அள்ளுவது படகு போய்வர மட்டும் என்று நினைத்தால் போதாது. எந்த மாதத்தில் அள்ளுவது என்பதைச் சினை நண்டின் பருவத்தையும் இறால் குஞ்சின் வரத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.