தலைக்குத் தடவும் எண்ணெய் தசைத் துண்டுக்கும் உதவுமா?

அதிராம்பட்டினம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் உப்பளம். சுற்று வட்டாரமெல்லாம் தென்னை. 2018 நவம்பர் 16-ந் தேதி "கஜா" புயல் லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மக்கள் மறுபடியும் கன்று வைத்தார்கள்.

தலைக்கும் விளக்குக்கும் பழகிய தேங்காய் எண்ணெய்க்கு டாக்டர்கள் புது வேலை ஒன்று கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். புற்று நோயைக் கண்டு பிடிப்பதில் கை கொடுக்கும் வேலை!

துண்டின் பயணம்

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவருக்குக் கன்னத்தின் உட்புறம் ஆறாத புண். டாக்டர் பயறு அளவு சதையை வெட்டி எடுக்கிறார். அது பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறது. "முடிவு வரச் சில நாள் ஆகும்" என்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

அந்த நாட்களில் துண்டுக்கு என்ன நடக்கிறது?

முதலில் பார்மலினில் ஊறுகிறது. அதனால் அழுகாது. பிறகு ஸ்பிரிட்டில் ஊறுகிறது. உள்ளே உள்ள தண்ணீர் வெளியேறுகிறது. கடைசியில் உருகிய மெழுகு துண்டுக்குள் இறங்க வேண்டும். மெழுகு இறுகினால்தான் ஏடு ஏடாகச் சீவ முடியும். ஏட்டின் கனம் என்ன தெரியுமா? ஒரு மில்லி மீட்டரை 1,000 பங்கு போட்டால், அதில் 4 அல்லது 5 பங்குதான்! அதற்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு சிக்கல். ஸ்பிரிட்டும் மெழுகும் சேராது. இரண்டோடும் சேருகிற தரகர் ஒருவர் நடுவில் தேவை. அவர்தான் சைலீன்.

தரகரின் குணம்

சைலீன் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பெயிண்ட் கரைக்கவும் உதவும். வேலையில் கெட்டி. ஆனால் அதன் ஆவியைச் சுவாசித்தால் தலைவலி, தலை சுற்றல், குமட்டல். கண் எரியும். தீயும் எளிதில் பற்றும்.

முன்பு பென்சீனும் உபயோகத்தில் இருந்தது. அது ரத்தப் புற்று நோயை உண்டாக்கும் என்று தெரிந்ததும், "சைலீனே மேல்" என்றார்கள்!

நோயாளி துண்டைக் கொடுத்து விட்டு வீடு திரும்புகிறார். கூடத்தில் வேலை செய்கிறவரோ அந்த ஆவிக்கு நடுவே வருஷக்கணக்கில் நிற்கிறார். அவரைப் பற்றி யார் நினைத்தார்கள்?

தார்வாரில் சோதனை

கர்நாடகத்தில் தார்வார் நகரப் பல் மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் நினைத்தார்கள். சைலீனில் சில துண்டுகள், தேங்காய் எண்ணெயில் சில துண்டுகள் என்று போட்டு ஒப்பிட்டார்கள். 2014-ல் முடிவு வெளிவந்தது. எண்ணெய் சைலீனுக்கு இளைக்கவில்லை. எண்ணெயில் போட்ட துண்டுகள் குறைவாகவே சுருங்கின!

அப்படியானால் நாளைக்கே சைலீனை நிறுத்தி விடலாமா? அவசரம் கூடாது.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட விழாது. இது தென்னை ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்த சங்கதி. சுமார் 24 டிகிரி சூட்டுக்குக் கீழே போனால் எண்ணெய் உறைந்து விடும். குளிர்சாதனம் போட்ட கூடத்தில் கேட்க வேண்டுமா? அதை இளஞ்சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். எண்ணெய் ஆவியாகியும் போகாது. மெழுகில் தங்கினால் மெழுகு இளகும், ஏடு கிழியும். எனவே மெழுகை அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீனும் உண்டு. வாசனை பிரமாதம்! ஆனால் சிலருக்குத் தோலில் அரிப்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சூடான மெழுகோடு நேராகவே சேரும். தரகரே வேண்டாம். ஆனால் அதுவும் தீப்பற்றும்.

ஏடு கெட்டால் தீர்ப்பும் கெடும். புற்று நோய் இருப்பவருக்கு "இல்லை" என்று சீட்டு போய்விட்டால்? ஆகவே, சோதித்து முடித்து மிச்சமான சதையைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஒன்றையே இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பழைய முறையிலும் மறு பாதியைப் புது முறையிலும் தயாரிக்க வேண்டும். எது எந்த முறை என்று சொல்லாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் இரண்டிலும் ஒரே நோயைச் சொன்னால்தான் மாற்றலாம்.

அதுவரை, சைலீன் ஜாடியைத் திறந்து வைக்கக்கூடாது. ஆவியை இழுத்து வெளியேற்றும் பெட்டிக்குள்தான் வேலை செய்ய வேண்டும். சாதாரண ரப்பர் கையுறையை நம்பக்கூடாது. சைலீன் அதையும் ஊடுருவி விடும்!