நீர் வழிந்தால் மண் நிறைந்துவிட்டதா?
கேமரன் மலைத் தோட்டங்களில் ஸ்பிரிங்ளர் சுழலும்போது பாத்தி ஓரம் நீர் வழிவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணுக்குப் போதும் போல என்றுதான் தோன்றும். வேளாண்மை பயிலும் நான், அப்படி வழிந்த ஒரு பாத்தியைத் தோண்டிப் பார்த்தேன். இரண்டு விரல் ஆழத்துக்குக் கீழே மண் உலர்ந்தே கிடந்தது!

காரணம் வேகம். களிமண் மணிக்கு ஏறக்குறைய 1 முதல் 5 மில்லிமீட்டர் நீரைத்தான் உறிஞ்சும். மணலோ 30க்கும் மேல். காய்ந்த மண் முதலில் வேகமாகக் குடிக்கும், போகப் போகத் தளரும். அதற்குமேல் கொட்டுவதெல்லாம் சரிவில் ஓடும். குழாயில் அழுத்தம் குறைந்தால் துளிகள் பெரிதாகும். அவை மோதி மண்கட்டிகளை உடைக்க, நுண்துகள்கள் துளைகளை அடைத்துவிடும். பிறகு மேல்மண் சிமெண்டுத் தரைதான்.

ஓடும் நீர் வெறுங்கையோடு போவதில்லை. காசு கொடுத்து வாங்கிய உரமும் மண்ணும் கூடவே போகின்றன. காடழிப்பாலும் விவசாயத்தாலும் கரைந்த மண்தான் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வண்டலாகக் குவிந்துள்ளது.

ஒரு மணி நேரம் தொடர்ந்து விடாமல், இருபது நிமிடம் விட்டு, ஊறவிட்டு, மீண்டும் விடலாம். உங்கள் பள்ளித் தோட்டத்தில் ஸ்பிரிங்ளர் இருக்கிறதா? நேரான பக்கங்கள் கொண்ட காலி டின்களை ஆங்காங்கே வையுங்கள். அரை மணி நேரத்தில் சேர்ந்த நீரின் உயரத்தை ரூலரால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் அது மணிக்குக் கொட்டும் அளவு.