உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலத்தில் எல்லா வினையும் செயப்பாட்டு வினை ஆகாது!

செய்வினை வாக்கியத்தின் செயப்படுபொருள்தான் செயப்பாட்டு வினையில் எழுவாயாகிறது. செயப்படுபொருளே ஏற்காத ஹேப்பன், அரைவ், டிஸ்அப்பியர் போன்ற வினைகளில் எழுவாயாக்க எதுவும் இல்லை. அதனால் ‘ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’ பிழை. ‘ஆன் ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்’ என்பதே சரி.

● ஸ்லீப் தனித்து நின்றால் செயப்பாட்டு வினை ஆகாது. ‘இன்’ என்ற முன்னிடைச்சொல் துணைக்கு வந்தால் ஆகும்: ‘திஸ் பெட் ஹேஸ் பீன் ஸ்லெப்ட் இன்’ (இந்தக் கட்டிலில் யாரோ தூங்கியிருக்கிறார்கள்).

● ரிசெம்பிள், லேக் ஆகியவை செயப்படுபொருள் ஏற்கும். ஆனாலும், செயப்பாட்டு வினையில் வருவதில்லை. ‘ரவி ரிசெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்’ என்பதைத் திருப்பிப் போட முடியாது.

● ‘ஷி இஸ் கான்’ செயப்பாட்டு வினை போலத் தெரியும். ஆனால் அது செய்வினையே. கோ, கம் முதலிய இயக்க வினைகள் ஒரு காலத்தில் ‘ஹேவ்’ இடத்தில் ‘பி’ சேர்த்துச் செயல் முடிந்ததை உணர்த்தின. அந்த வழக்கின் எச்சம் இது. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் இவ்வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது.

எளிய சோதனை: வினையைப் பார்த்து ‘எதை? யாரை?’ என்று கேளுங்கள். விடை இல்லையென்றால், முன்னிடைச்சொல்லின் துணையின்றி அது செயப்பாட்டு வினை ஆகாது.